ராஜபாளையத்தில் அச்சடித்த நோட்டீஸ்

சங்கரன்கோவில்
18.1.2026

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பொங்கல் அன்று நீயும் அக்காவும் தனித்தனியாகக் கூப்பிட்டீர்கள். இரண்டு பேரும் ஒரே அழைப்பில் வந்து பேசலாமே என்று அம்மா கேட்டதற்கு இருவருமே நேரமில்லை என்றீர்கள். மாப்பிள்ளையும் நீயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம் என்று அவளுக்குத் தெரியாதா? அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போன வாரம் நீ போனில் சொன்னது எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. "அப்பா, குடும்பக் குழுவில் அரசியல் கார்ட்டூன் எதுவும் போடாதீர்கள். விசா புதுப்பிக்கிற நேரம்" என்றாய். அமெரிக்காவின் எச்1பி வேலை விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை அதிகாரிகள் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று டிசம்பர் 15 முதல் விதி வந்திருக்கிறது, பத்து வருடமாக எழுதியதையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறேன் என்றாய். சரி தம்பி என்று போனை வைத்துவிட்டேன். அதற்குமேல் அந்த போனில் எதையும் பேசப் பயமாக இருந்தது. அதனால்தான் இந்தத் தாளும் பேனாவும்.

2021 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை விடிகாலையில் நீ கூப்பிட்டது நினைவிருக்கிறதா? நான் பால் வாங்கிக்கொண்டு அப்போதுதான் வாசல் ஏறினேன். "தூக்கிவிட்டார்கள் அப்பா!" என்றாய். யாரையோ வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்களோ என்று பதறிப்போனேன். ட்ரம்பை ட்விட்டரிலிருந்து தூக்கியதைச் சொல்லியிருக்கிறாய். பதவியில் இருக்கும் ஜனாதிபதி, 8 கோடிக்கு மேல் பின்தொடர்கிறவர்கள், ஒரே பொத்தானில் காணாமல் போனார். இரண்டு நாள் முன்னால்தான் அவருடைய ஆட்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியிருந்தார்கள். உன் சந்தோஷத்தில் நியாயம் இல்லை என்று அன்றைக்கும் நான் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு உள்ளே சுருக்கென்றது. ஏன் என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

1987 ஏப்ரல் தொடக்கம். நீ தொட்டிலில் கிடந்தாய். கீழ ரத வீதியில் நம் அச்சகத்தில் அப்போது ஒரு டிரெடில் மிஷின், நாலு எழுத்துக் கேஸ், ஒரு பையன். சுவரில் எம்.ஜி.ஆர். படம், அதற்குத் தினமும் பூ. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோவில் கொடை நோட்டீஸ் எல்லாம் அடித்துக்கொண்டிருந்தோம். தேர்தல் வந்தால் இரண்டு கழகத்துக்கும் அடிப்பேன். கூலிக்குக் கட்சி கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அந்த வாரம் ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு போட்டிருந்தார்கள். மேடையில் இருக்கிற இரண்டு பேரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். ஒருவர் ஜேப்படித் திருடன் மாதிரியாம், இன்னொருவர் முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரியாம். இதற்கு மூன்று மாதம் கடுங்காவல். விகடன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பக்கத்துத் தெரு வாத்தியார் வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் தருவார். வெள்ளிக்கிழமையானால் அவர் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் திட்டு விழுந்தது என் தலைவரின் ஆட்சி மீது. "சரியான பாடம்" என்று டீக்கடையில் எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்.

மறுநாள் காலையில் வாத்தியார் ஒரு தாளோடு வந்தார். கண்டனக் கூட்டம், தேரடி, மாலை 6 மணி. எட்டில் ஒன்று அளவில் ஐந்நூறு நோட்டீஸ் வேண்டும். அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் அன்றைக்கு என் கணக்கில் தலைவரைக் கண்டிக்கிறவன் எல்லாம் எதிர்க்கட்சி. நம் ஊரில் இருந்த இன்னொரு அச்சகம் உரிமையாளர் வீட்டுக் கல்யாணத்துக்காகப் பூட்டியிருந்தது, எனக்கும் தெரியும். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "என் மிஷின், என் மை. அடிக்க மாட்டேன்" என்றேன்.

அவர் சண்டை போடவில்லை. "உன் உரிமைதான்" என்றார். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு நோட்டை எடுத்து, "சில்லறை இருக்குமா? ராஜபாளையம் பஸ்ஸுக்கு வேண்டும்" என்று கேட்டார். கல்லாவைத் திறந்து எண்ணிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே பச்சைத் தாளில் நோட்டீஸ் ஊர் முழுக்க இருந்தது. டீக்கடைத் தூணில் ஒட்டியிருந்ததன் கடைசி வரியைப் போய்ப் பார்த்தேன். அது தொழில் பழக்கம். அப்போது இருந்த 1867ஆம் வருடத்துச் சட்டம் அது. எதை அச்சடித்தாலும் அடித்தவன் பெயரும் ஊரும் தாளில் இருக்க வேண்டும் என்றது. நோட்டீஸில் வில்லங்கம் என்றால் போலீஸ்காரர் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். ராஜபாளையத்து அச்சகக்காரர் தன் பெயரைத் தைரியமாகப் போட்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் எரிச்சல்தான் வந்தது.

ஆசிரியரைச் சில நாளிலேயே விடுவித்துவிட்டார்கள். பிற்பாடு உயர் நீதிமன்றம் கைது செல்லாது என்று சொல்லி, அடையாளமாக ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அதற்குள் தலைவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். வாத்தியார் அந்த நோட்டீஸைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வாரமும் விகடனைப் படித்துவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

இதை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ கூப்பிட்ட அந்தச் சனிக்கிழமை, ட்விட்டர்க்காரர்கள் எனக்கு என்னைப் போலவே தெரிந்தார்கள். அவர்கள் மிஷின், அவர்கள் மை. சட்டமும் அவர்கள் பக்கம்தான். அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டும், கம்பெனியின் கையைக் கட்டாது என்று நீதானே எனக்கு விளக்கினாய். ட்ரம்புக்கு வேண்டாதவரான ஜெர்மனியின் அன்றைய பிரதமர் மெர்க்கலே அன்றைக்குச் சங்கடப்பட்டார். பேச்சுக்கு எல்லை போட வேண்டியது சட்டம், கம்பெனி நிர்வாகம் அல்ல என்று அவருடைய செய்தித் தொடர்பாளர் சொன்னார். கலவரத்தைத் தூண்டுகிறவன் வாயை அடைக்கக் கூடாதா என்று கேட்பாய். அடைக்கலாம். அடைத்தவன் யார், எந்த விதிப்படி அடைத்தான், தப்பென்றால் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு ஒரு கடைசி வரி வேண்டாமா?

ராஜபாளையத்துக்குப் பஸ்ஸும் வேண்டும். ட்ரம்பின் ஆட்கள் பார்லர் என்ற வேறொரு தளத்துக்குக் கூட்டமாகப் போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? அடுத்த ஊர் அச்சகம் மாதிரிதான் அது. இரண்டே நாளில் கூகுளும் ஆப்பிளும் அந்தச் செயலியைத் தங்கள் கடையிலிருந்து எடுத்தன. அமேசான் தன் சர்வரிலிருந்து இறக்கிவிட்டது. தளமே அணைந்துபோனது. அதில் இருந்த குப்பையைப் பற்றி நீ சொன்னதெல்லாம் நிஜமாகவே இருக்கட்டும். நான் செய்தது ஊரில் ஒரு கடையின் கதவைச் சாத்தியது. இவர்கள் மூன்று பேர் சேர்ந்தால் பஸ்ஸை நிறுத்தலாம், ரோட்டையும் பெயர்க்கலாம். அன்றைக்கு வாத்தியாருக்குப் பஸ் இல்லாமல் போயிருந்தால் என் முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்?

உனக்கும் மாப்பிள்ளைக்கும் உள்ள வழக்கையும் எடுத்துக்கொள். 2020 அக்டோபரில், ட்ரம்பை எதிர்த்துத் தேர்தலில் நின்ற பைடனுடைய மகனின் மடிக்கணினி பற்றி நியூயார்க் போஸ்ட் எழுதியதை ட்விட்டர் யாரும் பகிர முடியாமல் தடுத்தது. 1801இல் தொடங்கிய பத்திரிகையின் கணக்கே இரண்டு வாரம் போல முடங்கிக் கிடந்தது. மாப்பிள்ளை குதித்தார், நீ சிரிப்பு பொம்மை போட்டாய். தடுத்தது தப்பு என்று அந்தக் கம்பெனியின் தலைவரே பிறகு ஒப்புக்கொண்டார். 2022இல் 4,400 கோடி டாலருக்கு அதை வாங்கிய மஸ்க், பேச்சுச் சுதந்திரம்தான் தன் மூச்சு என்றார். டிசம்பரிலேயே தன் விமானம் போகிற இடத்தை எழுதியதற்காகப் பத்திரிகையாளர்கள் சிலரின் கணக்குகளை முடக்கினார். இந்த முறை நீ குதித்தாய், மாப்பிள்ளை சிரித்தார். அதே கதவுதான், பூட்டுகிற ஆள் மட்டும்தான் வேறு. நீங்கள் இருவரும் கதவைப் பார்க்கவே இல்லை. உள்ளே மாட்டியவன் எந்தக் கட்சி என்றுதான் பார்த்தீர்கள்.

கம்பெனிக்காரர்களோ உங்களைப் போல ஏமாளிகள் இல்லை. பைடன் அரசு கோவிட் பதிவுகளை, கேலிப் பதிவுகளைக்கூட, நீக்கச் சொல்லி நெருக்கியது, அப்போதே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஃபேஸ்புக் முதலாளி ஸக்கர்பெர்க் 2024 ஆகஸ்டில் கடிதம் எழுதினார். ஞானம் வர மூன்று வருடம், தேர்தல் வர மூன்று மாதம்கூட இல்லை! 2025 ஜனவரியில் அமெரிக்காவில் தன் தளங்களில் பதிவுகளின் உண்மையைச் சரிபார்க்கிற ஏற்பாட்டுக்கு முடிவு கட்டப்போவதாக அறிவித்தார். 20ஆம் தேதி பதவியேற்பில் மஸ்க், அமேசானின் பெஸோஸ், ஸக்கர்பெர்க், நம் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை எல்லோரும் முன்வரிசையில் நின்றதை டி.வி.யில் பார்த்தேன். கணக்கை முடக்கியதற்காக ட்ரம்ப் போட்டிருந்த வழக்கில் ஸக்கர்பெர்க்கின் மெட்டா கம்பெனி 2.5 கோடி டாலர், யூடியூப் 2.45 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டன. செய்தது சரியென்றால் ஏன் பணம், தப்பென்றால் அன்றைக்கு ஏன் அத்தனை வீராப்பு? யார் என்ன எழுதினாலும் நாங்கள் பதிப்பாளர் அல்ல என்கிற காப்பு இந்தக் கம்பெனிகளுக்கு அமெரிக்காவின் 1996ஆம் வருடச் சட்டத்தில் இருக்கிறது. எதை நீக்கினாலும் அதே சட்டம் காக்கும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அந்தக் காப்பு இல்லாவிட்டால் சாதாரண ஆள் எதையுமே போட முடியாது என்பாய். அதுவும் சரிதான், மறுக்கவில்லை.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? போன வருடம் பிப்ரவரியில் ஒருநாள் என் போனில் விகடன் தளம் திறக்கவில்லை. ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்து எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்தேன். அவன் போனிலும் திறக்கவில்லை. ட்ரம்ப் பக்கத்தில் மோடி கைவிலங்கோடு உட்கார்ந்திருக்கிற ஒரு கார்ட்டூன். நம் ஆட்களை விலங்கு மாட்டி விமானத்தில் அனுப்பினார்களே, அதற்காக வரைந்தது. தளத்தையே முடக்கிவிட்டார்கள். மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் படத்தை எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கச் சொல்லும் வரை மூடித்தான் கிடந்தது. குடும்பக் குழுவில் மாப்பிள்ளை இரண்டே வார்த்தை போட்டிருந்தார்: "சரியான பாடம்." எனக்குப் பகீரென்றது. முப்பத்தெட்டு வருடம் கழித்து என் வார்த்தையே, அதே பத்திரிகைக்கு, என் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது.

நீ உடனே அவரை வறுத்தெடுத்தாய். உன் ஆட்களும் யோக்கியர்கள் இல்லை தம்பி. இணையத்தில் எழுதியதற்குக் கைது செய்ய வழிவிட்ட 66ஏ பிரிவைக் கொண்டுவந்தது காங்கிரஸ் ஆட்சி. பால் தாக்கரே இறந்தபோது மும்பை கடையடைத்ததைக் கேள்வி கேட்டு ஒரு பெண் ஃபேஸ்புக்கில் எழுதினாள். அதற்கு லைக் போட்டவளையும் சேர்த்துக் கைது செய்தார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம்தான் அந்தப் பிரிவை எடுத்துப் போட்டது. இப்போது அரசிடமிருந்து ரகசிய உத்தரவு போகிறது; கம்பெனிகள் பூட்டுகின்றன, சில சமயம் வழக்குப் போட்டுவிட்டுப் பூட்டுகின்றன. 2023இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ட்விட்டர் மனுவைத் தள்ளி 50 லட்சம் அபராதமும் போட்டது. பூட்டப்பட்டவனுக்குக் காரணம் தெரிவதில்லை.

இன்றைக்கு நீ உன் கையாலேயே உன் எழுத்தை அழித்துக்கொண்டிருக்கிறாய். ட்ரம்பை அணைத்த பொத்தானைப் பார்த்துக் கை தட்டிய அதே கை. குத்திக் காட்ட எழுதவில்லை. அழி, விசா முக்கியம், அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். அழிப்பதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்து வை, அவ்வளவுதான். மாப்பிள்ளையையும் ஒருமுறை கூப்பிடு. அவரும் கிரீன் கார்டு வரிசையில்தான் நிற்கிறார். தான் எழுதியதை அவரும் அழித்துக்கொண்டிருப்பதாக அக்கா அம்மாவிடம் சொன்னாளாம். உங்கள் இருவருக்கும் பேச இப்போது ஒரு விஷயம் இருக்கிறது.

வாத்தியார் போன ஆவணியில் காலமானார். அவர் மகன் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அந்தப் பச்சை நோட்டீஸ் இரண்டு கிடைத்ததாம், ஒன்றை என்னிடம் கொடுத்தான். இத்துடன் வைத்திருக்கிறேன். பச்சை வெளுத்துவிட்டது, எழுத்து நன்றாகவே நிற்கிறது. "கண்டன"த்தில் ஒரு சுழி உடைந்திருப்பதைப் பார். கடைசி வரியையும் படி. படம் எடுத்து எங்கும் போட்டுவிடாதே, கிரீன் கார்டு வரட்டும்.

அம்மா நார்த்தங்காய் காயப் போட்டிருக்கிறாள். அக்காவுக்குக் கொடுத்தனுப்பினால் உனக்கும் பாதி வரும். நீ போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
அப்பா