ஒற்றை நாற்று

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. வாட்ஸப்பில் பேசி அனுப்பிவிடலாம் என்றுதான் பார்த்தேன், நடுவில் உன் அப்பா ஏதாவது கேட்பார், கன்றுக்குட்டி கத்தும், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதனால் நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன், தம்பி இதை டைப் செய்து அனுப்புவான். இங்கே எல்லோரும் சௌக்கியம். பொங்கலன்று அப்பாயி, "அந்தப் பிள்ளைக்கு அங்கே கரும்பு கிடைக்குமா" என்று மூன்று தடவை கேட்டது. கிடைக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு துண்டாவது வாங்கிக் கடித்துவிட்டு அதற்கு ஒரு போட்டோ அனுப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மடகாஸ்கரில் 12 மாதத் தொண்டு வேலைக்குப் போய், இள நாற்றை ஒற்றை ஒற்றையாக நடச் சொல்லிக் கொடுக்கிற நீ, "நட்டுக் காட்டும்போது தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள் அம்மா, மறுநாள் போய்ப் பார்த்தால் பழையபடி முற்றிய நாற்றைக் கொத்தாகப் பிடித்து நடுகிறார்கள், பக்கத்து வீட்டு அக்கா கூட அப்படித்தான், இவர்களுக்கு முன்னேற ஆசையே இல்லையோ" என்று சொன்னாய். ஐந்து மாதமாக வீட்டை விட்டு, தெரியாத பாஷையில், குளிரில் கிடந்து உழைக்கிற சலிப்பில் சொன்னாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். என்னைப் பற்றிச் சொன்னதாகக் கேட்டிருக்கிறேன்.

2008-இல் நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய். திருந்திய நெல் சாகுபடி என்று சொல்லிக்கொண்டு ஒரு அலுவலர் ஊருக்கு வந்தார், பிற்பாடு இதற்கு ராஜராஜன் 1000 என்றுகூட பெயர் வைத்தார்கள். எங்கள் மகளிர் குழுவில் யாராவது ஒருத்தர் செய்து பாருங்கள் என்றார், நான் கையைத் தூக்கினேன். குறுவைக்கு ஒன்றரை ஏக்கரில் நட்டோம். ஏக்கருக்கு 25, 30 கிலோ விதை விட்டுப் பழகிய கைக்கு 3 கிலோ போதும் என்றால் நம்பவே முடியவில்லை. நாற்றங்கால் எட்டு சென்டுக்குப் பதில் ஒரே சென்ட். 14 நாள் நாற்று, ஒரு சாண் கூட இருக்காது, முளைத்த நெல் இன்னும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வேர் அறுபடாமல் மண்ணோடு எடுத்து, மார்க்கர் இழுத்துப் போட்ட கட்டத்தின் மூலையில் ஒன்றே ஒன்றாக, சேற்றில் அமுக்காமல் மேலாக வைக்க வேண்டும். நடவுக்கு வந்த பெண்கள் வரப்பில் ஏறி நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, நட்ட வயல் மாதிரியே தெரியவில்லையே" என்றார்கள். எனக்கும் அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை. இருபது நாளில் பயிர் தூர் கட்ட ஆரம்பித்தது பார், ஒரு நாற்றிலிருந்து முப்பது, நாற்பது என்று வெடித்து வந்தது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் விட்டு, கோனோவீடரை உருட்டிக் களையைச் சேற்றோடு அமுக்கி விட்டோம். அந்தக் குறுவையில் ஏக்கருக்கு எட்டு மூட்டை கூடுதலாக வந்தது.

அந்தத் தெம்பில், குறுவை அறுத்த பிறகு நடுகிற தாளடிக்கும் அப்படியே நட்டேன். கார்த்திகையில் நிஷா புயல் வந்தது, நம் வயல் பள்ளக்கால், வடிகால் வாய்க்காலே நிரம்பி எதிர்த்து வயலுக்குள் வந்தது. ஐந்து நாள் பயிர் கண்ணுக்குத் தெரியவில்லை. வடிந்த பிறகு பார்த்தால் ஒற்றை நாற்று நட்டது அத்தனையும் அழுகிக் கிடந்தது. பக்கத்தில் முற்றிய நாற்றை நாலைந்தாகச் சேர்த்து நட்டிருந்தவர்களுக்குப் பாதியாவது தலை எடுத்தது. நகையை வைத்துத்தான் அந்த வருஷம் ஓட்டினோம், உனக்குத் தெரியாது.

மறு வருஷம் நான் அப்படி நடவில்லை. அந்த அலுவலர் வந்தார், வரப்போரம் நின்று பார்த்தார், "இந்த ஊர்க்காரர்களுக்கு ஆர்வமே கிடையாது" என்று கூட வந்தவரிடம் சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறிப் போனார். நான் நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு சேற்றில் நின்றேன். ஏம்மா விட்டுவிட்டீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நேராக அழைத்துக்கொண்டு போய் வடிகாலைக் காட்டியிருப்பேன், அது தூர்ந்து கிடந்தது அவருக்குத் தெரியவேண்டிய விஷயம். அவர் கெட்டவர் இல்லை, நல்லதைத்தான் கொண்டுவந்தார். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அந்த முறை பிறந்ததே நீ இருக்கிற நாட்டில், உனக்குப் பக்கத்தில் ஆன்ட்சிராபே பகுதியில் என்பது. நீ போன பிறகு தம்பி தேடித் தேடிப் படித்துச் சொன்னான். லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1961-இல் மடகாஸ்கருக்கு வந்தார், விவசாயம் படித்தவர். வந்த உடனே யாருக்கும் எதையும் போதிக்கவில்லை, ஊர் ஊராகப் போய் எந்த விவசாயி என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறார். ஒரு ஊரில் ஒற்றை நாற்று நடுகிறவர்களைப் பார்த்தார், இன்னொரு இடத்தில் வயலில் எப்போதும் தண்ணீர் நிறுத்தாதவர்களைப் பார்த்தார், அதையெல்லாம் மனசில் வாங்கி வைத்துக்கொண்டார். 1983-இல்தான், நாற்று முற்றுகிறவரை காத்திருக்க முடியாமல் 15 நாள் பயிரையே பிடுங்கி நட்டபோது, அது தூர் கட்டிய விதத்தைப் பார்த்து அசந்து போயிருக்கிறார். வந்து 22 வருஷம் கழித்து! 1995-இல் இறந்தார். அவர் கண்டது ஆராய்ச்சிக்காரர்கள் கை வழியாக 2000 வாக்கில் நம் தமிழ்நாட்டுக்கு வந்து, அப்புறம் என் வயல் வரைக்கும் வந்தது. உன்னுடைய 12 மாதத்தை இதோடு ஒப்பிட்டுச் சோர்ந்துவிடாதே, அதற்காகச் சொல்லவில்லை. நீ இப்போது சொல்லிக் கொடுக்கிற முறையில் பாதி அந்த ஊர்க்காரர்களிடமிருந்தே எடுத்தது, அது தெரிந்தால் நீ அவர்களிடம் பேசுகிற விதம் மாறும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் தம்பி சொன்னான். அங்கேயே இதைக் கற்றுக்கொண்டு ஓரிரு வருஷம் செய்து பார்த்த ஏழை விவசாயிகளில் நிறையப் பேர் விட்டுவிட்டார்களாம், 2003-லேயே ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதியிருக்கிறார்களாம். காரணம் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த முறைக்கு நடவிலும் களையிலும் கூடுதல் ஆள் வேண்டும், கூடுதல் கவனம் வேண்டும், அந்த வேலை வருகிற மாதங்கள்தான் அவர்கள் வீட்டுக் குதிரில் நெல் தீர்ந்துபோகிற மாதங்கள். அன்றன்றைக்குக் கூலி வாங்கினால்தான் அன்றைக்கு உலை கொதிக்கும். அப்போது போய் என் வயலில் ஒற்றை ஒற்றையாக வைத்துக்கொண்டிருக்க முடியுமா, அடுத்தவர் வயலுக்கு ஓடத்தான் வேண்டும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை எப்படி இருந்தது என்று அப்பாயியைக் கேள். அடைமழை, வேலை இல்லை, சம்பா அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம், வரப்பில் கிள்ளிய கீரையை மட்டும் வேகவைத்துத் தின்ற நாளை அது இன்னும் சொல்லும்.

உனக்கு இப்போது ஜனவரி. சித்திரை வாக்கில்தான் அறுவடை என்று நீயே சொன்னாய். அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், வீட்டில் எத்தனை நாளைக்கு நெல் இருக்கிறது? காலையில் அவர் முதலில் போவது யார் வயலுக்கு? நீ போய்ப் பார்க்கிறபோது கொத்தாக நட்டுக்கொண்டிருந்தாரே, அது பொழுது சாய்ந்து, மிச்ச நேரத்தில் நட்டது இல்லையா? எனக்குத் தெரியாது, நீதான் கேட்கவேண்டும். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போகாதே. அடுப்படியில் உட்கார்ந்து கேள், பானையில் ஒட்டிய காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துத் தருவார்களே, ரானுவூலா என்றாயே, அதை வாங்கிக் குடித்துக்கொண்டே கேள்.

கேட்கிறதைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தது நாகப்பட்டினம். சுனாமி வந்தபோது நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த குழந்தை. மறுநாள் எங்கள் குழுவில் புளிசாதம் கிளறி அண்டாவோடு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். அப்புறம் பல நாள் போனோம். எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகத் துணி வந்து இறங்கியது, நல்ல மனசோடு அனுப்பியதுதான், கிழிந்த சட்டை, கோட்டு, கம்பளி ஸ்வெட்டர் எல்லாம் ரோட்டோரம் மலையாகக் குவிந்து மழையில் நனைந்து கிடந்தது, அந்த ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சிலர் இவர்களுக்குத் திமிர் என்றார்கள். மண்டபத்தில் சாதம் போட்டுக்கொண்டிருந்தபோது என் வயசு அம்மா ஒருத்தி, இரண்டு நாளாக உடுத்திய புடவையோடு இருந்தவள், என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய்க் காதோரம், "பாவாடை இருக்கா அக்கா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அத்தனை லாரியிலும் ஒரு உள்பாவாடை இல்லை பாப்பா. அன்றைக்குச் சாயங்காலமே கடையில் நாற்பது பாவாடையும் உள்ளாடையும் சீப்பும் வாங்கிக்கொண்டு போனேன், குழுக் கணக்கில் எழுதியது இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது.

அதே போல, வெளியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களையும் நம் பக்கம் பார்த்திருக்கிறது. 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த பிறகு காந்திய வழியில் நின்ற தம்பதி, கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதன் ஐயாவும் இங்கே வந்தார்கள். 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத பெண்கள் பெயரில் நிலம் வாங்கிப் பதிவு செய்து கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் கேட்டது நிலம், கிருஷ்ணம்மாள் கொடுத்ததும் நிலம். அவர்கள் அமைப்பு இருக்கிற கூத்தூர் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். உன்னை அங்கேயே தங்கிவிடு என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே, டிக்கெட் போட்ட தேதிக்கு நீ வந்தாக வேண்டும், அதில் எனக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நீ சேர்ந்த இடம் நல்ல இடம் என்றுதான் அப்பாவும் நானும் சரி சொன்னோம். முதலில் வேறு ஒரு கம்பெனி, இரண்டு வாரம் ஆப்பிரிக்காவில் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்க ஒன்றரை லட்சம் கட்டச் சொன்னதே, அதில் நீ போகாமல் இருந்தது நல்லதாயிற்று. வெள்ளையடிக்க அந்த ஊரில் ஆள் இருக்காதா என்ன, அந்தக் கூலி அவர்களுக்காவது போகட்டும்.

பயிற்சிக்கு ஒருத்தரும் வரவில்லை என்று அழுத அன்றைக்கு என்ன கிழமை என்று பார்த்தாயா? செவ்வாயோ வியாழனோ வயலில் இறங்கக்கூடாது, ஃபாடி என்று சில ஊரில் கட்டுப்பாடு இருக்கிறது என்று நீதானே முதல் மாதம் எனக்குச் சொன்னாய். நம் ஊரில் துஷ்டி விழுந்த அன்றைக்கு வந்து நடவு நடுங்கள் என்று ஒருத்தர் கூப்பிட்டால் யார் போவார்கள்? ஊர்ப் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு நாள் குறி.

அப்புறம் அந்தக் களை உருட்டும் கருவி. நம் வீட்டுக் கோனோவீடர் மாட்டுக்கொட்டகையில் சாத்தி வைத்திருந்தது, அச்சு தேய்ந்து ஒரு உருளை சுற்றாமல் போனபோது கீழ்வேளூர் வெல்டிங் கடையில் கொடுத்துச் சரிசெய்தோம், அதனால் இன்னும் ஓடுகிறது. உன் ஊரில் கொல்லர் இருக்கிறாரா, அவர் அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறாரா என்று விசாரி. இல்லையென்றால் நீ கிளம்புகிறதுக்குள் அவருக்குப் பழக்கிவிடு.

நான் இப்போது எப்படி நடுகிறேன் என்று அந்த அக்காவிடம் சொல். குறுவைக்கு 18 நாள் நாற்று, இரண்டு இரண்டாக, நன்றாகத் தள்ளித் தள்ளி. தாளடிக்குப் பள்ளக்காலில் பழைய மாதிரிதான், முற்றிய நாற்று, நாலைந்து சேர்த்து. அந்த அலுவலர் சொன்னதில் பாதியை வைத்துக்கொண்டேன், பாதியை விட்டேன். நீ சொல்வதிலும் அந்த அக்கா பாதியை எடுத்துக்கொண்டால் அது உனக்குத் தோல்வி என்று நினைக்காதே.

கொசுவலைக்குள் படு, மாத்திரையை நிறுத்தாதே. அங்கே இது புயல் மாதம், கஜாவில் நம் கூரை போன ராத்திரியை நீ பார்த்தவள், ரேடியோவில் எச்சரிக்கை சொன்னால் ஆற்றங்கரை ஊர்களுக்குப் போகாதே. சரி, கதிர் பழுத்துவிட்டது, அறுவடைக்குப் பத்து நாள் இருக்கிறது, ஈரம் காய்வதற்குள் உளுந்து தெளிக்கவேண்டும், அப்பா விதையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

அந்த அக்கா நடும்போது, அவருக்குச் சம்மதம் என்றால், கையை மட்டும் கிட்டத்தில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. எத்தனை நாற்றைச் சேர்த்துப் பிடிக்கிறார், கட்டைவிரலை எப்படி வைக்கிறார் என்று நான் பார்க்கவேண்டும்.

அம்மா