குமாருக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள குமாருக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவின் முட்டிவலி தேவலை. மாமா வீட்டு விஷயம் நல்லபடியாக முடிந்தது, நேரில் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன நீலப் பையைத் துவைக்க எடுத்தேன். பக்கவாட்டு ஜிப்புக்குள் உன் டாக்ரோலிமஸ் மாத்திரை அட்டை ஒன்று, பிரிக்காமல் முழுசாக இருந்தது. கூடுதலாக வாங்கியிருப்பாய். பீரோவில் வைத்திருக்கிறேன்.

அம்மா கொடுத்த கிட்னிதானே, இத்தனை வருஷத்தில் உடம்பு பழகியிருக்கும் என்று யாராவது உன்னிடம் சொல்லலாம். பழகாது, குமார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் நடத்திய பாடம் இது. டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் தேறி வருகின்றன. சொந்த உடம்பையே தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே கழிந்துவிடும். தேறியவை, செல்களின் மேல் உள்ள ஹெச்.எல்.ஏ. என்ற அடையாளப் புரதங்களைச் சோதித்தபடி உடம்பெல்லாம் சுற்றும். அந்தப் புரதங்களில் பாதிதான் உனக்கு என்னிடமிருந்து வந்தது, மறுபாதி அப்பாவுடையது. என்னுடைய இன்னொரு பாதி உன் டி செல்லுக்கு என்றைக்கும் அந்நியம்தான். பெற்றவள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 1954-ல் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் முர்ரே வைத்த சிறுநீரகம் நிலைத்ததென்றால், கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

டாக்ரோலிமஸ் டி செல்லைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ரத்தத்தில் அளவு குறைந்தால் பிடி விட்டுப்போகும். அப்புறம் அந்தக் கிட்னிக்கு எதிராக ஆன்டிபாடியும் உருவாகிவிட்டால் அதைப் போக்குவது பெரும்பாடு. வலியே இல்லாமல் நடக்கும். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறித் தெரிய வரும்போது சேதம் ஆகியிருக்கும்.

நீ டீம் லீடர் ஆனதைத் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு ஒரு போன் பண்ண விடாத வேலை என்ன வேலையோ! சரி, விடு. காலை ஒன்பது, இரவு ஒன்பது. ஷிஃப்ட் மாறினாலும் மாத்திரை நேரம் மாறக்கூடாது. எதிர்ப்பு சக்தி கூடும் என்று யார் லேகியம் கொடுத்தாலும் வாங்காதே, உனக்கு அது ஆகவே ஆகாது. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ. காலை ஒன்பது, இரவு ஒன்பது.

பொங்கலன்று காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த நடுக்கம் டாக்ரோலிமஸால் வரக்கூடியது. டாக்டரிடம் சொன்னால் லெவல் பார்த்து அளவை மாற்றிக் கொடுப்பார். நீயாகக் குறைக்காதே.

கொடுத்ததற்குக் கணக்குக் கேட்கிறாள் என்று நினைத்துவிடுவாயோ என்றுதான் போனில் வாய் வரவில்லை. அது உன்னுடையது, குமார். எனக்கு அதில் பாத்தியதை இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டும்.

போன மாத ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கும் அன்று காலை மாத்திரையைப் போடாமல் கையில் கொண்டு போ, ரத்தம் எடுத்ததும் போட்டுக்கொள். எனக்கு அனுப்பச் சங்கடமாக இருந்தால் அப்பாவுக்கு அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா