ஒரு நாளுக்கு ஓர் ஓமர்: ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயா அவர்களுக்கும், செவ்வாய்க்கிழமை ஜெபக்குழுவின் சகோதர சகோதரிகளுக்கும், என்னை வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் சென்ற நண்பருக்கும், ஸ்தோத்திரம்.

ஆராதனையில் எழுந்து நின்று சாட்சியாகச் சொல்ல வேண்டியதை எழுத்தில் தருகிறேன். பேசத் தொடங்கினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பது ஒரு காரணம். மற்றொன்று, சாட்சி என்றால் நல்லபடியாக முடிந்த கதையைச் சொல்வதே நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. என் கதையோ இன்னும் முடியவில்லை. 14 மாதங்களுக்கு முன்பு ஆட்குறைப்பில் வேலையை இழந்த எனக்கு இன்றுவரை நிரந்தர வேலை அமையவில்லை. ஆயினும் நன்றி சொல்ல முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று தோன்றுகிறது.

அந்த நாள்களில் நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். பிறகு உறக்கம் வராது. மனைவியும் பிள்ளைகளும் எழுந்துவிடாதபடி கைப்பேசி வெளிச்சத்தில் அமர்ந்து, அஞ்சியதையெல்லாம் அதில் எழுதுவேன். ஒவ்வொரு வரியும் "ஒருவேளை" என்று தொடங்கும். ஒருவேளை வீட்டுக் கடன் தவணை தவறினால், ஒருவேளை அப்பாவுக்கு மறுபடியும் உடல்நலம் குன்றினால், ஒருவேளை மகளின் படிப்பு பாதியில் நின்றால் என்று நீண்ட அந்தப் பட்டியலில் ஒரு கட்டத்தில் 41 வரிகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அன்றைக்கு நடந்தது அல்ல.

அப்போது ஒருவர், "விசுவாசம் இருக்கிற இடத்தில் கவலைக்கு என்ன வேலை?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்டவர் அல்லர். ஆனால் அந்தக் கேள்வி பட்டியலில் 42ஆவது வரியாகச் சேர்ந்துகொண்டது: ஒருவேளை நான் விசுவாசியே இல்லையென்றால்? அன்றிலிருந்து நாளையைப் பற்றிய கவலையோடு, கவலைப்படுகிறேனே என்கிற கவலையையும் சேர்த்துச் சுமந்தேன். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப்புஷ்பங்களையும் காட்டி, கவலைப்படாதிருங்கள் என்று ஆறுதல் சொன்ன பகுதி, எனக்குக் குற்றப்பத்திரிகை போல ஒலித்தது.

நண்பரே, ஒரு மாலை நெஞ்சு இறுகி, விரல்கள் மரத்து, இதோ உயிர் போகப்போகிறது என்று நான் நடுங்கியபோது, நீங்கள் ஒரு வசனமும் சொல்லாமல் வண்டியை எடுத்தீர்கள். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று பரிசோதித்துச் சொன்ன மருத்துவர், ஆபத்து இல்லாதபோதும் உடல் அபாயமணி அடித்துவிடுவது உண்டு என்றும், அதைக் கடந்துவர வழிகள் இருக்கின்றன என்றும் பொறுமையாக விளக்கினார். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடப் பழகினேன். மனநல ஆலோசகர், நாள் முழுவதும் கவலைப்படுவதற்குப் பதிலாக மாலையில் அரைமணி நேரத்தை அதற்கென ஒதுக்கி, மற்ற நேரத்தில் வரும் கவலையை அந்த வேளைக்குத் தள்ளிவைக்கச் சொன்னார். முதலில் சிரிப்புத்தான் வந்தது; செய்து பார்த்தபோது பலன் இருந்தது. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் ஆகாதா என்று நான் தயங்கியபோது, சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று விண்ணப்பம்பண்ணிய எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை, தூங்கவிட்டு இரண்டு முறை எழுப்பிச் சாப்பிடச் செய்தான், அவ்வளவுதான் என்று சொன்னீர்கள். பிரசங்க மேடையே ஏறாத உங்களிடமிருந்து நான் கேட்ட ஒரே பிரசங்கம் அது.

போதகர் ஐயா, நீங்கள் எனக்காகச் செலவிட்ட நேரங்களில் ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். உங்கள்மேல் நான் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனத்தை, வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையில் எத்தனையோ முறை பெற்றிருக்கிறேன். நீங்கள்தான் அந்த அதிகாரம் முழுவதையும் என்னை உரக்க வாசிக்க வைத்தீர்கள். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து அனுப்பப்பட்ட கடிதம் என்பதும், அந்த நன்மையான வாக்குக்கு முந்தின வசனத்திலேயே, அது நிறைவேற 70 வருஷம் ஆகும் என்று எழுதியிருப்பதும் அன்றுதான் என் கண்ணில் பட்டன. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று முந்தின அதிகாரத்தில் சொன்ன அனனியா பொய்த் தீர்க்கதரிசி. எரேமியா எழுதியதோ, வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று. காத்திருப்பவன் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று நான் புரிந்துகொண்ட பிறகுதான், சிறியதென்று ஒதுக்கிய ஓர் ஒப்பந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். அதுவே இன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறது.

சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனேயைப் பற்றியும் சொன்னீர்கள். தம்முடைய ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவர், தம்மோடேகூட விழித்திருக்கும்படி மூன்று பேரைக் கேட்டுக்கொண்டார். அவரே துணை கேட்டார் என்றால், நான் கேட்பதில் என்ன வெட்கம்?

அப்படித் துணை கேட்டபோது கிடைத்தவர்தான் ஜெபக்குழுவின் மூத்த அக்கா. ஏறத்தாழ ஓராண்டு காலம், இரவு ஒன்பது மணிக்கு அவருடைய அழைப்பு வரும். இரண்டே கேள்விகள் கேட்பார்: "சாப்பிட்டாயா தம்பி? நாளைக் காலையில் செய்ய வேண்டிய ஒரு வேலை எது?" பிறகு விடியும்வரைக்குமான கிருபையை மட்டும் கேட்டுச் சுருக்கமாக ஜெபித்து முடிப்பார். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகாது. ஜூன் மாதம் கட்ட வேண்டிய கல்விக் கட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று பிப்ரவரியில் நான் கேட்டபோது அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் நிற்கிறது: "அது ஜூன் மாதத்து மன்னா, தம்பி. இப்போதே பொறுக்கி வைத்தால் பூச்சி பிடிக்கும்."

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை அன்றிரவே எடுத்து வாசித்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் அன்றாடம் தந்த உணவுதான் மன்னா. தலைக்கு ஓர் ஓமர், அதாவது ஒருவருக்கு ஒரு நாளுக்கான அளவு. அதிகமாகச் சேர்த்தவனுக்கு மீதியானதுமில்லை, கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை. விடியற்காலம்மட்டும் மீதியாக வைத்தது புழுத்து நாறிப்போயிற்று. என் நோட்டுப் புத்தகம் அந்த நாற்றம்தான் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அதே அதிகாரத்தில், ஆறாம் நாளில் மறுநாளுக்கும் சேர்த்து இரண்டத்தனையாய்ச் சேர்த்தது கெட்டுப்போகவில்லை என்றும் இருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டியவர் என் மனைவி. திட்டமிடுவதும் சேமிப்பதும் அவிசுவாசம் அல்ல என்பதற்கு அவர் காட்டிய ஆதாரம் அது; அன்று முதல் வீட்டின் வரவு செலவுக் கணக்கு அவர் கையில் இருக்கிறது. அவருக்குரிய நன்றிக்கு இந்த மடலில் இடம் போதாது, வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

கவலை அடியோடு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. மூன்று மணி விழிப்பு இப்போதும் எப்போதாவது வருகிறது. ஒப்பந்தமும் இன்னும் மூன்று மாதங்களில் முடிகிறது. நோட்டுப் புத்தகத்தையும் நான் தூக்கி எறியவில்லை. ஆனால் பக்கத்தின் தலைப்பில் அன்றைய தேதியை எழுதி, அந்தத் தேதிக்குரியதை மட்டும் அதன் கீழே எழுதுகிறேன். மலைப்பிரசங்கத்தின் அதே பகுதியில், அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும் என்று ஆண்டவர் சொன்னபோது, பாடே இருக்காது என்று அவர் சொல்லவில்லை. முன்பு என்னைக் குற்றம் சாட்டிய அந்த வசனம், இப்போது என் பாடுகளுக்கு ஓர் அளவு வைத்துத் தருகிறது.

ஜெபக்குழுவினர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு விதத்தில் உதவினீர்கள். யாரையேனும் குறிப்பிடத் தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். வியாழக்கிழமை உங்களுக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்றும், மனம் சற்றுக் கலங்குகிறது என்றும் சென்ற கூடுகையில் ஜெபக்குறிப்பில் சொன்னீர்கள். இன்றிரவு நீங்கள் எனக்குப் பேச வேண்டாம். ஒன்பது மணிக்கு நான் அழைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு இருங்கள், முதல் கேள்வி அதுதான்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்