‘ட்ராக் டே பிரேக் கிட்’டில் வந்த பேட் தகட்டை விட்டுக் கழன்றது: பணத்தைத் திருப்பக் கோரிப் புகார்

அனுப்புநர்: கிட்டை வாங்கிய வாடிக்கையாளர், சென்னை
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 2007 மாடல் ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல் காருக்கு வாங்கிய முன்பக்க பிரேக் கிட்டின் குறைகள்

ஐயா,

உங்களிடம் ரூ.12,600-க்கு வாங்கிய ‘ட்ராக் டே பிரேக் கிட்’டில் இருந்த பேட்களில் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்தி வேகத்தைக் குறைக்கும், இரும்புத் தகட்டில் ஒட்டிய உராய்வுக் கட்டைகளில்) ஒன்று, முன் இடது சக்கரத்தின் உள்பக்கத்தில் பொருத்தியது, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஐந்தாவது சுற்றில் தகட்டை விட்டுக் கழன்றது. பந்தயத் தடத்தில் ஓட்டியதால் உத்தரவாதம் செல்லாது என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். தடத்தில் ஓட்டுவதற்கென்றே பெயர் வைத்து விற்ற பொருளுக்கு இந்தப் பதிலை ஏற்க முடியாது.

பிரேக்கை அளவுக்கு மீறிச் சூடாக்கியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையல்ல. இரண்டு டிஸ்க்குகளின் ஓரத்திலும் வெப்பம் காட்டும் பெயின்ட் பூசியிருந்தது: பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560 டிகிரியிலும், சிவப்பு 610 டிகிரியிலும் நிறம் மாறும். பச்சை மட்டுமே மாறியிருக்கிறது. ஆக, டிஸ்க் 560 டிகிரி செல்சியஸைத் தொடவே இல்லை. பேட் தாங்கும் என்று உங்கள் பெட்டியில் அச்சிட்டிருப்பதோ 650 டிகிரி. பேட்டின் உரசும் முகம் கணநேரம் டிஸ்க்கைவிடச் சூடாகலாம்தான். ஆனால் விட்டுப்போனது பின்தகட்டுப் பசை. பிரேக் பிடிக்கும்போது அங்கே வெப்பம் முகத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

சுமையும் அசாதாரணமானதல்ல. ஓட்டுநரோடு சேர்த்து 1,080 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 140 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கும்போது பிரேக்குகள் ஏற்கும் ஆற்றல் ஏறத்தாழ 665 கிலோஜூல். பின்னால் ட்ரம் பிரேக் உள்ள இந்தக் காரில் அதன் பெரும்பகுதி முன் டிஸ்க்குகளுக்கே போகும். தடத்துக்கென்று பேட் செய்கிறவர் முதலில் போடவேண்டிய கணக்கு இது. புதுப் பேட்களைப் பழக்கும் வேலையும் ஒழுங்காக முடிந்திருந்தது: மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து 20-க்கு, முழுவதும் நிறுத்தாமல், பத்து முறை. பிறகு பிரேக்கைத் தொடாமல் 15 நிமிடம் ஓட்டி ஆறவிட்டது.

கழன்ற தகட்டைப் பார்த்தால் காரணம் தெரிகிறது. பசை பிடித்திருந்தது கால்வாசிப் பரப்பில்தான். மீதி இடத்தில் பசைக்கு அடியிலேயே பழுப்புத் துரு படிந்திருக்கிறது. துருவை நீக்காமல் பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். பசை தளர்ந்தாலும் உரசும் பொருளைப் பிடித்துக்கொள்ளத் தகட்டில் துளைகள் உண்டு. அவற்றுக்குள்ளும் பொருள் இறங்கவில்லை. பேட்டின் ஓரத்துப் பெயின்ட்டைச் சுரண்டியபோது ‘ஈஈ’ (EE) என்ற உராய்வுக் குறியீடு தெரிந்தது. விளம்பரப் படத்தில் இருந்தது ‘எஃப்எஃப்’ (FF). முதலெழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது அதிக வெப்பத்தில் எவ்வளவு என்பதையும் குறிக்கும். ‘எஃப்’ என்றால் உராய்வுக் கெழு 0.35 முதல் 0.45 வரை, ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை. ஒன்றைக் காட்டி வேறொன்றை அனுப்பி, குறியீட்டின் மேல் பெயின்ட்டும் அடித்திருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் எங்களுக்கு மிகவும் கோபமூட்டுவது இதுதான்.

பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்கும் என்பது உங்கள் அடுத்த விளக்கம். காற்று புகுந்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். பேட் தகட்டை விட்டுக் கழலாது. தவிர, கிட்டோடு நீங்கள் அனுப்பிய ஆயிலை ஊற்றவே இல்லை. அரை லிட்டர் பாட்டிலின் மூடியில் சீல் இல்லை. பெரிய கேனிலிருந்து மாற்றி நிரப்பியதுபோல் இருந்தது. டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதிதாக இருக்கையில் குறைந்தபட்சம் 230 டிகிரியாக இருக்கவேண்டிய கொதிநிலை, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் 155 வரை இறங்கலாம். சீல் உடையாத வேறு பாட்டில் வாங்கி ஊற்றித்தான் குழாய்களிலிருந்து ஏர் (காற்று) எடுத்தோம்.

கிட்டில் வந்த ஸ்டீல் பின்னல் ஹோஸ்களையும் (பிரேக் ஆயில் செல்லும் குழாய்கள்) பொருத்தவில்லை. காரைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் இடது ஹோஸ் விறைத்து நிற்கிறது. ஒரிஜினலைவிட 30 மி.மீ. குட்டை. காலிப்பர் (பேட்களை அழுத்தும் பாகம்) பக்கம், ஹோஸை இணைக்கும் பாஞ்சோ போல்ட் ஒன்றுக்கு இரண்டாக நான்கு காப்பர் வாஷர் வேண்டும். கிட்டில் இருந்தவை இரண்டு.

பேட் போனதும் வெறும் தகடு உரசி, இடது டிஸ்க்கில் 1 மி.மீ. ஆழத்துக்குக் கோடு விழுந்துவிட்டது. டிஸ்க்குகளை ஜோடியாகத்தான் மாற்றவேண்டும்.

எங்கள் கோரிக்கை: கிட்டின் முழு விலையும், இரண்டு புது டிஸ்க்குகளின் விலையும் 15 நாட்களுக்குள் வரவேண்டும். 650 டிகிரி என்பதற்கான சோதனை அறிக்கையைத் தாருங்கள். இல்லையென்றால் அந்த வரியைப் பெட்டியிலிருந்து நீக்குங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், இதே தொகுதி பேட்களை வாங்கியவர்கள் அனைவருக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். பழைய ஸ்விஃப்ட்டையும் மாருதி ஜென்னையும் குறைந்த செலவில் தயார்செய்து இருங்காட்டுக்கோட்டைக்கும் கோவை காரி தடத்துக்கும் கொண்டுபோகிறவர்கள் பலர், அதே காரில், அதே பேட்களோடு நெடுஞ்சாலையில் வீடு திரும்புகிறார்கள்.

கழன்ற பேட், தகடு, டிஸ்க், நீங்கள் அனுப்பிய ஆயில் பாட்டில் எல்லாம் எங்களிடமே இருக்கும். உங்கள் பொறியாளர் நேரில் வந்து பார்க்கலாம், கூரியரில் அனுப்பமாட்டோம். கெடு தாண்டினால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இவற்றையே சான்றாக வைப்போம்.

இப்படிக்கு,
கிட்டை வாங்கிய வாடிக்கையாளர்