தோற்றது ஆட்டக்காரர்கள் மட்டுமா?

ஆசிரியருக்கு,

சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி பற்றிய உங்கள் கட்டுரை பழி முழுவதையும் ஆட்டக்காரர்கள் தலையில் கட்டுகிறது. 2024இல் 162 ஆட்டங்களில் 121 தோல்வி. 1900க்குப் பிறகு அமெரிக்காவின் முதன்மை லீகுகளில் எந்த அணியும் ஒரே பருவத்தில் இவ்வளவு தோற்றதில்லை. பந்தை அடிக்கவும் தெரியவில்லை, பிடிக்கவும் தெரியவில்லை என்று திட்டலாம், சரி. இவர்களைப் பொறுக்கி எடுத்தது யார்?

அந்த அணி 2024 வரை போட்ட ஒப்பந்தங்களிலேயே பெரியது ஆட்டக்காரர் ஆண்ட்ரூ பெனின்டெண்டியுடையது: ஐந்தாண்டுக்கு 7.5 கோடி டாலர். மற்ற பெருநகர அணிகள் ஒரே ஆளுக்கு 30 கோடிக்கு மேல் கொடுக்கின்றன! 2023 ஆகஸ்டில் நிர்வாகத்தின் இரு தலைகளையும் நீக்கினார்கள். பதிலுக்கு வந்த கிறிஸ் கெட்ஸும் அதே அலுவலகத்து ஆள்தான். மறு ஆகஸ்டில், தொடர்ந்து 21 ஆட்டங்கள் தோற்ற கையோடு களத்தில் அணியை நடத்தும் மேலாளர் பெட்ரோ கிரிஃபோலையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1981 முதல் அசையாமல் இருப்பவர் உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப்தான். அரங்கில் "அணியை விற்றுவிடு" என்று ரசிகர்கள் கத்தியதைக் கட்டுரையாளர் ஏனோ குறிப்பிடவே இல்லை.

இந்த லட்சணத்தில் ரைன்ஸ்டார்ஃப் அதே 2024இல் புது மைதானத்துக்கு அரசுப் பணமும் கேட்டார். இப்போதைய மைதானமே 1991இல் பொதுப் பணத்தில் கட்டியது. அதையும் ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுவோம் என்று மிரட்டித்தான் வாங்கினார்கள். தனியார் அணி என்பதால் வரவு செலவு வெளியே தெரிவதில்லை. முதலில் கணக்கைக் காட்டட்டும், அப்புறம் கை நீட்டட்டும்.

ஒரு வாசகர்,
சிகாகோ