மார்க் ட்வைனைப் படித்த ஆண்டு: வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில், ஆண்டு முழுக்க ஒரே எழுத்தாளரைப் படிப்பது என்று தீர்மானம் போட்டோம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் பெயர் வந்ததும், "அது சின்னப் பசங்க கதையாச்சே" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். அப்படி நினைத்தவர் அவர் மட்டுமல்ல. வேலிக்கு வெள்ளையடித்த பையனோடு ட்வைனை முடித்துக்கொண்டவர்கள்தான் நம்மில் அதிகம். ஆண்டு முடிவில் செயலாளர் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியது இதுதான்: டாம் சாயரிலிருந்து தொடங்கினால் ட்வைன் பாதிதான் தெரிவார். நாமும் அங்கேதான் தொடங்கினோம், வேறு வழி தெரியாமல்.

கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறு மாலை நூலக மாடியில் நடந்தன. ஐப்பசி, கார்த்திகைக் கூட்டங்களை மழை சாப்பிட்டுவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை இங்கே வாசிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

1876இல் வந்த 'டாம் சாயர்' நாவல் ஒரே கூட்டத்தில் முடிந்தது. முப்பது கஜ நீளம், ஒன்பது அடி உயரம் உள்ள பலகை வேலி. அதற்கு வெள்ளையடிப்பது டாமுக்குக் கிடைத்த தண்டனை. அந்தப் 'பாக்கியத்துக்காக' ஊர்ப் பிள்ளைகள் டாமுக்குக் கொடுத்த பொருள்களை உறுப்பினர் ஒருவர் வாசித்தார்: செத்த எலி, அதைக் கட்டிச் சுழற்ற ஒரு கயிறு, ஒற்றைக்கண் பூனைக்குட்டி, நாய் இல்லாத நாய்ப்பட்டை, கத்தி இல்லாத கைப்பிடி. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எலி மட்டும் இருந்தால் நகைச்சுவை. கயிறும் சேரும்போதுதான் அது ட்வைன்.

அடுத்தது 'மிசிசிப்பி ஆற்று வாழ்க்கை', 1883. இதில் ட்வைன் தன் சொந்தத் தொழிலைச் சொல்கிறார். 1857இல், சாமுவேல் கிளெமன்ஸ் என்ற இயற்பெயரோடு திரிந்த இருபத்தோரு வயதுப் பையன், ஆற்றில் நீராவிக் கப்பலுக்குச் சுக்கான் பிடிக்கும் ஹோரஸ் பிக்ஸ்பி என்ற பைலட்டிடம் 500 டாலர் கட்டணம் பேசித் தொழில் கற்கச் சேர்கிறான். செயின்ட் லூயிஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை ஆயிரத்து இருநூறு மைலுக்கு மேல் ஆறு. அத்தனை முனையும் திட்டும் வளைவும் மனப்பாடமாக வேண்டும். பெயர்களையெல்லாம் நோட்டில் எழுதி உருப்போட்டு முடித்தபோது பிக்ஸ்பி அடுத்த குண்டைப் போடுகிறார்: ஆற்றின் உருவம் தெரியுமா? இருட்டில் ஒரு உருவம், நிலவில் வேறு உருவம், மூடுபனியில் உருவமே இல்லை. கண்ணெதிரே தெரிவதை விட்டுவிட்டு மண்டைக்குள் இருக்கும் ஆற்றை நம்பித்தான் சுக்கான் பிடிக்க வேண்டும் என்கிறார். இந்த இடத்தில் நம் உறுப்பினர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஐயா, "நைட் சர்வீஸ் அப்படித்தாங்க. மலைப்பாதையில் மனசுல இருக்கிற ரோட்டில்தான் வண்டி போகும்" என்றார். அன்றைய கூட்டத்தில் அதற்கு மேல் யாரும் விளக்கவுரை தரவில்லை, தேவையும் இருக்கவில்லை.

அதே நூலில் தம்பி ஹென்றி இறந்த கதையும் இருக்கிறது. 'பென்சில்வேனியா' கப்பலில் பிரவுன் என்ற பைலட் ஹென்றியை அடிக்கப் போக, அண்ணன் ஸ்டூலை எடுத்து பிரவுனை விளாசினார். அதனால் அடுத்த பயணத்தில் அண்ணன் அந்தக் கப்பலில் இல்லை. தம்பி மட்டும் ஏறினான். 1858 ஜூனில் கொதிகலன் வெடித்தது. சிரிக்கவைத்துக்கொண்டே வந்தவர் இந்தப் பக்கங்களில் குரலை மாற்றுவதே இல்லை, தகவலாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பலருக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

ஆண்டின் சிறந்த கூட்டம் எது என்று கேட்டால், மிகச் சிறிய கதைக்கு நடந்த கூட்டத்தைத்தான் சொல்வேன். 'ஒரு உண்மைக் கதை', 1874 நவம்பரில் 'அட்லாண்டிக்' இதழில் வந்தது. அந்த இதழில் அவர் எழுதிய முதல் எழுத்தே இதுதான். இதில் நகைச்சுவை கிடையாது, சன்மானத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ஆசிரியர் ஹோவெல்ஸுக்குக் கடிதம் வைத்து அனுப்பினார். நியூயார்க் மாநிலம் எல்மைராவில், ட்வைன் கோடைகாலங்களில் தங்கிய மைத்துனியின் பண்ணையில் சமையல் வேலை பார்த்தவர் மேரி ஆன் கார்ட். முன்பு அடிமையாக இருந்தவர். கதையில் அவர் பெயர் ரேச்சல் அத்தை. மாலை நேரம், வீட்டார் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் மரியாதைக்காகக் கீழே படிக்கட்டில். எப்போதும் குலுங்கிச் சிரிக்கிற பெண். "அறுபது வயசாச்சு, உங்களுக்கு ஒரு கஷ்டமுமே வந்ததில்லையா?" என்று வீட்டுக்காரர் அப்பாவியாகக் கேட்கிறார். அவ்வளவுதான். புருஷனும் ஏழு பிள்ளைகளும் ஏலத்தில் ஒவ்வொருவராக விலைபோன நாளை அவர் சொல்ல ஆரம்பிக்கிறார். சொல்லச் சொல்ல மெல்ல எழுந்துவிடுகிறார். படிக்கட்டில் கீழே இருந்தவர் இப்போது நட்சத்திரங்களுக்கு எதிரே கறுப்பாக, எல்லோருக்கும் மேலே உயர்ந்து நிற்கிறார். ட்வைன் இதற்கு ஒரே வாக்கியம்தான் செலவழிக்கிறார். பல ஆண்டு கழித்து, உள்நாட்டுப் போரின்போது, கடைசி மகன் ஹென்றி சிப்பாயாக வருகிறான். மணிக்கட்டிலும் நெற்றியிலும் இருந்த தழும்பை வைத்து அம்மா அடையாளம் காண்கிறாள். கதை முழுக்க அந்தப் பெண்ணின் பேச்சு. எழுதியவர் தலையிடவே இல்லை. ட்வைனைப் புதிதாகப் படிக்க வருகிறவருக்கு இனி இதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் பரிந்துரை.

'ஹக்கிள்பெரி ஃபின்' இரண்டு கூட்டங்களை எடுத்துக்கொண்டது, மூன்றாவதையும் எடுத்திருக்கும். 1876இல் தொடங்கி, கிடப்பில் போட்டு, 1883இல் முடித்த நாவல். அமெரிக்காவில் 1885 பிப்ரவரியில் வெளியானது. அடுத்த மாதமே மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு நூலகம் அதை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. இதனால் இன்னும் 25,000 பிரதி விற்கும் என்று ட்வைன் கணக்குப் போட்டார்.

நாம் நின்றுவிட்டது 31ஆம் அத்தியாயத்தில். ஹக் என்ற சிறுவனோடு தெப்பத்தில் வந்த, தப்பி ஓடிய அடிமை ஜிம்மை நாற்பது டாலருக்கு விற்றுவிட்டார்கள். ஜிம் எங்கே இருக்கிறான் என்று அவனுடைய எஜமானிக்கு ஹக் கடிதம் எழுதுகிறான். எழுதி முடித்ததும் பாவமெல்லாம் கழுவப்பட்டதுபோல் இருக்கிறது. பிறகு, தெப்பத்தில் தன்னை எழுப்பாமல் தன் முறைக் காவலையும் சேர்த்து ஜிம் நின்ற இரவுகள் நினைவுக்கு வருகின்றன. "சரி, அப்படின்னா நரகத்துக்கே போறேன்" என்று கடிதத்தைக் கிழிக்கிறான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தான் செய்வது நல்லது என்று ஹக் ஒரு கணமும் நினைக்கவில்லை. அது பாவம் என்று முழுதாக நம்பிக்கொண்டே செய்கிறான். ஊரும் சர்ச்சும் சேர்ந்து அவனுக்கு ஊட்டிய மனசாட்சி கோணலானது, அதை அவன் மனசு தோற்கடிக்கிறது.

கடைசிப் பகுதியில் டாம் சாயர் திரும்ப வந்து ஜிம்மை விடுவிக்கிறேன் என்று செய்யும் கூத்தைப் பற்றிச் சண்டையே நடந்தது. அடைபட்ட மனிதனை வைத்து விளையாடுவதா என்று பாதிப் பேர். அந்தக் கொடுமையைக் காட்டத்தான் அப்படி எழுதினார் என்று மீதிப் பேர். பின்னாளில் வந்த எழுத்தாளர் ஹெமிங்வே, அமெரிக்க நவீன இலக்கியம் முழுக்க இந்த ஒரு நூலிலிருந்துதான் வருகிறது என்று சொன்ன கையோடு, ஜிம்மைக் கொண்டுபோன இடத்தில் வாசகர் நிறுத்திவிட வேண்டும் என்றும் சொன்னார். என் ஓட்டு ஹெமிங்வேக்கு. கறுப்பர்களை இழித்துச் சொல்லும் வசைச்சொல் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் வருவது பற்றியும் பேசினோம். 2011இல் அதை 'அடிமை' என்று மாற்றி ஒரு பதிப்பு வந்தது. அந்த ஊர் அப்படித்தான் பேசியது என்பதை மறைத்துவிட்டால் ஹக் எதை எதிர்த்துக் கடிதத்தைக் கிழித்தான் என்பதும் மறைந்துபோகும் என்பது கூட்டத்தின் பொதுவான கருத்து. ஆனால் அந்தச் சொல்லை வகுப்பில் உட்கார்ந்து கேட்கும் கறுப்பினப் பிள்ளையின் நிலையை நாம் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது என்று கல்லூரி மாணவி ஒருவர் சொன்னார். அதையும் குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறேன்.

இந்தியப் பயணம் பற்றிய கூட்டத்துக்குத்தான் கூட்டம் அதிகம். அச்சு எழுத்துக் கோக்கும் பெய்ஜ் இயந்திரத்தில் பணத்தைக் கொட்டி, தன் பதிப்பகமும் மூழ்கி, 1894இல் ட்வைன் திவாலானார். கடனை அடைக்கத்தான் உலகம் சுற்றி மேடையேறினார். 1896 ஜனவரியில் கொழும்பு. தெருவில் போகிறவர்களின் உடை வண்ணங்களைப் பார்த்துச் சொக்கிப்போய், கடைசியில் தன் உடையைப் பார்த்து, தன்னோடு தெருவில் நடக்கத் தனக்கே வெட்கமாக இருந்தது என்று எழுதினார். சென்னையில் எங்கே தங்கினார், என்ன சாப்பிட்டார் என்று நிறையப் பேர் கேட்டீர்கள். கல்கத்தாவிலிருந்து திரும்பும் வழியில் கப்பல் இங்கே ஒரு நாள் நின்றது. இந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் அதற்குச் சில சொற்கள்தான். அதை வைத்து விழா எடுக்க முடியாது.

பம்பாய்ப் பக்கம் வேறு. ஓட்டல் அறையில் கதவைச் சரிசெய்ய மண்டியிட்டிருந்த இந்தியப் பணியாளை, என்ன குறை என்றுகூடச் சொல்லாமல், ஒரு ஜெர்மானியர் தாடையில் அறைகிறார். அடிவாங்கியவர் முகத்தில் கோபம்கூட இல்லை. ட்வைன் அந்த நொடியே ஐம்பது ஆண்டு பின்னால், மிசௌரியில் நிற்கிறார். அவருடைய அப்பா பிள்ளைகளை அநேகமாக அடிக்காதவர், ஆனால் வீட்டு அடிமைப் பையன் லூயிஸைச் சின்னத் தவறுக்கெல்லாம் அறைவார். பத்து வயதில் இன்னொன்றும் பார்த்தார்: வேலையில் சிறு பிசகு செய்த அடிமையை ஒருவன் இரும்புத் தாதுக் கட்டியால் எறிந்தான், ஒரு மணி நேரத்தில் அவர் உயிர் போனது. கொல்ல அவனுக்கு உரிமை உண்டு என்பது பையனுக்குத் தெரிந்திருந்தது. ஹக் ஃபின் எந்த வீட்டிலிருந்து வந்தான் என்பது எனக்கு இந்தப் பக்கத்தில்தான் விளங்கியது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1894இல் வந்த 'புடன்ஹெட் வில்சன்' நாவலில் கைரேகையை வைத்துக் கொலை வழக்கு உடைகிறது. கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு திறந்தது 1897இல்தான் என்பதைக் காவல்துறையில் இருந்த உறுப்பினர் எடுத்துச் சொன்னார். 'ஜோன் ஆஃப் ஆர்க்' தன் நூல்களிலேயே தனக்கு மிகப் பிடித்தது என்றார் ட்வைன். நம்மில் அதைப் படித்து முடித்தவர்கள் சொற்பம்.

வாட்ஸ்அப் குழு பற்றி ஒரு வேண்டுகோள். ட்வைன் சொன்னதாகத் தினமும் பொன்மொழி வருகிறது. உண்மை செருப்பு மாட்டுவதற்குள் பொய் பாதி உலகைச் சுற்றிவிடும் என்பதும் அதில் ஒன்று. அது அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. இனி நூலும் அத்தியாயமும் இல்லாமல் பொன்மொழி போட வேண்டாம்.

கூட்ட அறைக்கு இடம் தந்த நூலகத்தாருக்கும், தேநீர்ப் பொறுப்பை ஏற்ற அம்மையாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள் வந்துள்ளன. ஒன்று, புதிய எழுத்தாளர். மற்றது, ட்வைனின் சுயசரிதை: முழு வடிவம் தான் இறந்து நூறு ஆண்டு கழித்து வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். 1910இல் இறந்தார், 2010இல் முதல் தொகுதி வந்தது. மொத்தம் மூன்று தொகுதிகள். முதலாவதே எழுநூறு பக்கத்துக்கு மேல். கை தூக்கும் முன் அதைக் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்