அறுபது கட்டிகளுக்கு ஒரு நன்றி

எங்கள் தெருவாருக்கு வணக்கம்.

அண்ணன் மகளின் வளைகாப்புத் தாம்பூலப் பையில் வைக்க அறுபது சோப்புக் கட்டிகளை நானே செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்போது கையில் இருந்தது பதினாறே நாள். காய்ச்சாமல் செய்யும் சோப்பை நான்கு முதல் ஆறு வாரம் ஆறப்போட வேண்டும். அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் எண்ணெயும் காஸ்டிக் சோடா என்னும் காரமும் அன்றைக்கே சேர்ந்துவிடும். ஈரம் வற்றி இறுகச் சில நாள் கிடைத்தால் போதும். அதனால் காய்ச்சத் துணிந்தேன்.

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் ஐயா, என் குறிப்பில் ஒரு கிலோ எண்ணெய்க்கு 200 கிராம் காஸ்டிக் சோடா என்று இருந்தது. தேங்காயெண்ணெய் 700 கிராம், நல்லெண்ணெய் 200, விளக்கெண்ணெய் 100 என்று கேட்டறிந்து, எண்ணெய்க்கு எண்ணெய் தனியாகக் கணக்கிட்டு, ஐந்து விழுக்காடு எண்ணெய் மிஞ்சும்படி 159 கிராம் என்று திருத்தித் தந்தீர்கள். பிள்ளைத்தாச்சிப் பெண்ணின் தோலில் படப்போகிற பொருள். அந்த 41 கிராமை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

எதிர்வீட்டு அக்கா, நான் ஏற்றப்போன அலுமினியக் குண்டாவைப் பிடுங்கி வைத்துவிட்டு, சீராக வந்த உங்கள் எவர்சில்வர் அடுக்கைக் கொடுத்தீர்கள். காரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் அடுக்கை இறக்கி, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம் என்னோடு நின்றீர்கள். பால்போலப் பொங்கி வந்தபோது அடக்கியது அல்வா கிளறிப் பழகிய உங்கள் கைதான். ஓரமெல்லாம் கண்ணாடிபோலத் தெளிந்து வந்ததும் எனக்கு இறக்கிவிடலாம் என்று தோன்றியது. "நடுவில் இன்னும் வெள்ளையாக இருக்கிறது, பொறு" என்றீர்கள். காரம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க ஐயா தந்த பினாப்தலீன் சொட்டு அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறி, நீங்கள் சொன்னதையே சொன்னது. மேலும் இருபது நிமிடம் காய்ச்சினோம்.

மூன்றாம் கொதிப்பன்று காரநீர் என் மணிக்கட்டில் தெறித்தது. எலுமிச்சம்பழத்தைத் தேடி ஓடிய என்னை இழுத்து, கால் மணி நேரத்துக்கு மேல் குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்திருந்த செவிலியர் தங்கைக்கு என்ன சொல்வேன்! தழும்புகூட இல்லையம்மா.

புதிதாக ஆட்டிய எண்ணெயைக் கடனாகத் தந்த செக்குக்கார அண்ணனுக்கும், மொட்டைமாடியைக் காயவைக்கத் தந்த மாடிவீட்டாருக்கும் என் நன்றி.

ஐந்து கொதிப்பில் அறுபத்தேழு கட்டிகள் தேறின. மிஞ்சிய ஏழும் உங்களுக்குத்தான். அக்கா, அடுக்கைத் துலக்கி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
வளைகாப்புப் பெண்ணின் அத்தை